வாங்கிய புத்தகத்தை எல்லாம் படித்தே ஆக வேண்டுமா?

43 வயது வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணக்குப் பிரிவில் வேலை. கணவர், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள். வீட்டில் படிக்காமல் கிடக்கும் புத்தகங்கள் ஏறத்தாழ 600. அதில் 150 போல, இரண்டு வருடங்களுக்கு முன் காலமான இவருடைய அப்பாவின் புத்தகங்கள். மற்றதெல்லாம் இவரே வாங்கியவை. அலமாரி நிரம்பி, சுவரோரம் தரையில் அடுக்கி, இப்போது மகளின் படிப்பு மேசை வரைக்கும் வந்துவிட்டன. மாதம் நாலைந்து புதிதாகச் சேர்கின்றன. பெரும்பாலும் வேலையில் மனசு நொந்த நாள்களில், எல்லோரும் தூங்கிய பிறகு போனில் ஆர்டர் செய்கிறார். பார்சலை அலுவலகத்துக்கு வரவழைத்து, கைப்பையில் ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவருகிறார். கிரெடிட் கார்டில் இரண்டு மாதமாகக் குறைந்தபட்சத் தொகை மட்டுமே கட்டியிருக்கிறார். இது கணவருக்குத் தெரியாது.

படிக்க உட்கார்ந்தால் பத்துப் பக்கம் தாண்டுவதில்லை. "எழுத்து மங்குகிறது, தலை வலிக்கிறது, இன்னும் இத்தனை பாக்கி இருக்கிறதே என்ற பதற்றம் வேறு" என்கிறார். ஒரு வருடம் எதுவுமே வாங்குவதில்லை என்று எடுத்த உறுதி ஐந்தாவது வாரத்தில் உடைந்தது. அந்த ஒரே வாரத்தில் ஒன்பது புத்தகங்கள் வாங்கியிருக்கிறார். போன மாதம் கணவர் கோபத்தில், "இது ஹோர்டிங் வியாதி. நீ எடுக்கலைன்னா நானே எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

இவருடைய கேள்விகள் மூன்று. இது நோயா? என் புத்தகங்களைத் தூக்கிப்போட அவருக்கு உரிமை இருக்கிறதா? இத்தனையையும் எப்படிப் படித்து முடிப்பது?

அன்புள்ள சகோதரி,

மூன்றாவது கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிக்க முடியாது, முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கடிதம் முழுக்க நீங்கள் "பாக்கி" என்ற சொல்லையே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். கார்டில் இருப்பது பாக்கி. அதைக் கட்டியாக வேண்டும். அலமாரியில் இருப்பது பாக்கி ஆகாது. இந்த இரண்டும் உங்கள் மனதில் ஒன்றாகக் கலந்துபோயிருக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

இது நோயா?

கடிதத்தை வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று முடிவு சொல்லக் கூடாது. ஆனால் உங்கள் கணவர் சொன்ன அந்த வார்த்தைக்கு மருத்துவத்தில் என்ன பொருள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. பொருள்களைக் குவித்துவைக்கும் கோளாறை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட தன் வகைப்பாட்டில்தான் தனி நோயாகச் சேர்த்தது. அதில் பார்ப்பது பொருள்களின் எண்ணிக்கையை அல்ல. மதிப்புள்ளதோ இல்லாததோ, எந்தப் பொருளையும் விட முடியாமல் இருப்பது, விடவேண்டும் என்று நினைத்தாலே கடும் வேதனை வருவது, அதனால் அறைகள் எதற்காக இருக்கின்றனவோ அதற்கே பயன்படாமல் போவது, வேலையும் உறவும் கெடுவது, இவையெல்லாம் சேர்ந்து இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

நீங்களே ஒரு தகவல் எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் மகளின் பள்ளி நூலகத்துக்கு 30 புத்தகங்கள் கொடுத்தீர்கள், கொடுத்த பிறகு நிம்மதியாக இருந்தது என்று. பொருளை விடவே முடியாத நிலையில் இருப்பவரின் பேச்சு இப்படி இருக்காது. புத்தகம் தவிர வேறு எதையும் சேர்த்துவைப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே அந்த வார்த்தையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அதே சமயம், மகளின் மேசைக்கு அடியில் கால் நீட்ட இடமில்லை என்பது சாதாரண விஷயம் இல்லை. அங்கே உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

எனக்குக் கவலை தருவது வேறு. மனசு நொந்த இரவில் வாங்குவதும், வாங்கியதை மறைப்பதும்தான். ஆர்டர் செய்கிற அந்தச் சில நிமிடங்கள் இதமாக இருக்கின்றன. பார்சல் வரும்வரை ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. வந்த பிறகு அது குற்ற உணர்வாக மாறுகிறது. அந்தக் குற்ற உணர்வே அடுத்த மோசமான நாளுக்கு இன்னும் கொஞ்சம் கனம் சேர்க்கிறது. கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்த புத்தகத்தைக் கணவர் முன்னால் நிம்மதியாக விரித்துப் படிக்க முடியுமா? உங்களால் படிக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் கண் டாக்டர்

பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை என்பதை உங்கள் மனதின் பலவீனமாகவே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். எழுத்து மங்குகிறது, தலை வலிக்கிறது, புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் பரவாயில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டும்போது கண்ணின் லென்ஸ் இறுகத் தொடங்குகிறது. கிட்டத்தில் இருப்பதைக் கூர்மையாகப் பார்ப்பது கடினமாகிறது. பொடி எழுத்தும் மங்கலான விளக்கும் சேர்ந்தால் இன்னும் மோசம். நாள் முழுவதும் கணக்குத் திரையைப் பார்த்துவிட்டு, ராத்திரி படுக்கையில் புத்தகத்தைப் பிடித்தால் கண் ஒத்துழைக்காது. இந்த வாரமே ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு கண்ணாடியோடு தீர்ந்துபோகிற விஷயமாகவும் இருக்கலாம்.

கண்ணில் குறை இல்லை என்று தெரிந்தால், அப்புறம் மனதைப் பார்ப்போம். அப்பா போன இரண்டு வருடத்தில்தான் வாங்குவது இவ்வளவு கூடியது என்று நீங்கள் ஓரிடத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். துக்கம் கவனத்தைத் தின்னும். தூக்கம் கெடுவது, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, காரணமில்லாமல் அழுகை வருவது என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு கணக்கு

நீங்கள் கணக்குப் பார்ப்பவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். அப்பாவின் புத்தகங்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம். நீங்கள் வாங்கியவை 450. புத்தகத்துக்குச் சராசரியாக 250 பக்கம் என்று வைத்தால் 1,12,500 பக்கங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம், தினமும் அரைமணி நேரம், ஒருநாள்கூடத் தவறாமல் படித்தாலும் 20 வருடங்களுக்கு மேல் ஆகும். அதுவும் இன்றிலிருந்து ஒரு புத்தகம்கூட வாங்காமல் இருந்தால்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். தினம் அரைமணி என்றால் மாதத்துக்கு 450 பக்கம், அதாவது இரண்டு புத்தகம்கூட முழுசாக இல்லை. நீங்கள் வாங்குவது நாலைந்து. நன்றாகப் படிக்கிற மாதத்திலும் அடுக்கு மூன்று புத்தகம் உயரும். "ரிட்டயர் ஆனதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவரை இதே வேகத்தில் வாங்கினால் அன்றைக்கு உங்கள் முன்னால் இருப்பது இந்த 450 அல்ல, அதன் இரண்டு மடங்குக்கு மேல்.

இதைச் சொல்வது உங்களை மிரட்ட இல்லை. உங்களிடம் ஒழுங்கு இல்லை, சோம்பல், அதனால்தான் படிக்கவில்லை என்று உங்களையே கடிந்துகொள்கிறீர்கள். எவ்வளவு ஒழுங்கானவராலும் முடியாத ஒன்றைச் செய்யவில்லை என்று வருந்துகிறீர்கள் என்பதைக் காட்டத்தான் இந்தக் கணக்கு. எல்லாவற்றையும் படிப்பது என்பதே இல்லை என்று ஆகிவிட்டால், எதைப் படிப்பது என்று மட்டும் யோசித்தால் போதும். அது சந்தோஷமான வேலை.

"காசு கொடுத்து வாங்கியாச்சு, படிக்காமல் விட மனசு வரவில்லை" என்கிறீர்கள். எல்லோருக்கும் இருக்கும் குணம்தான் இது. ஆர்க்ஸ், புளூமர் என்ற ஆய்வாளர்கள் 1985-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாடக அரங்கு ஒன்றில் வருடம் முழுவதற்குமான டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். பிற்பாதியில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. கொடுத்த காசு நம்மைக் கொஞ்ச நாள் பிடித்துத் தள்ளும், அவ்வளவுதான். நாலு வருடத்துக்கு முன் வாங்கிய புத்தகத்தை இன்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தால் போன காசு திரும்பி வராது, கூடவே பத்து மணி நேரமும் போகும். பாதியில் மூடிவைப்பது எழுதியவருக்குச் செய்யும் அவமரியாதை என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். முப்பது, நாற்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் மூடிவிடலாம். அந்தப் புத்தகத்துக்காக வேறொருவர் எங்கோ காத்திருக்கலாம்.

நூலகங்களே இதைச் செய்கின்றன. நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-ல் வகுத்துத் தந்த எஸ். ஆர். ரங்கநாதனின் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. ஐந்தாவது விதி, நூலகம் வளரும் உயிர் என்பது. வளரும் உயிர் புதியதை உள்ளே எடுக்கும், பழையதைக் கழிக்கும், வடிவம் மாறும் என்று அவர் விளக்குகிறார். யாரும் எடுக்காத, காலாவதியான, சிதைந்த புத்தகங்களை நூலகர்கள் முறை வைத்துக் கழிப்பது வழக்கம். புத்தகத்தை நேசிப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் செய்வதை நீங்களும் செய்யலாம்.

அப்பாவின் புத்தகங்கள்

இந்த 150-ஐயும் மற்ற 450-ஐயும் நீங்கள் ஒரே எண்ணிக்கையில் சேர்த்ததுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம். அப்பா கடைசியாகப் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் 112-ஆம் பக்கத்தில் ஒரு பழைய ரயில் டிக்கெட் செருகியிருக்கிறது, அந்தப் பக்கத்துக்கு மேல் திறக்கத் தைரியம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புத்தகம் "படிக்க வேண்டியவை" பட்டியலில் இருக்கக் கூடாது. அதை நீங்கள் 113-ஆம் பக்கத்திலிருந்து முடித்துக்கொடுக்க வேண்டும் என்று அப்பா கேட்கவில்லை. டிக்கெட் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

இவை உங்களுக்கு வந்த சொத்து, நினைவு. இவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். எப்போது முடிவெடுப்பது என்பதற்குக் கெடு எதுவும் வேண்டாம். மனசு தேறிய ஒருநாள், ஓரத்தில் அப்பா பென்சிலால் குறிப்பு எழுதியவற்றையும், அவர் பேச்சில் அடிக்கடி வந்த புத்தகங்களையும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அவருடைய நண்பர்களுக்கோ நூலகத்துக்கோ கொடுக்கத் தோன்றலாம். தோன்றாமலும் போகலாம். இரண்டும் சரி.

அவசரமான வேலை ஒன்று மட்டும் இருக்கிறது. அந்தப் புத்தகங்கள் தரையில், சுவரை ஒட்டி, அடியில் இருக்கின்றன, சிலவற்றின் அட்டையில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது என்கிறீர்கள். அது பெரும்பாலும் பூஞ்சணம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளிப்பூச்சியும் புத்தகப் பேனும் அதே ஈரத்தில்தான் பெருகும். பூத்தவற்றை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். காற்றோட்டமான நிழலில் பக்கங்களை விரித்து நிறுத்தி நன்றாக உலர விடுங்கள். காகிதம் முழுக்கக் காய்ந்த பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். நேர்வெயிலில் நெடுநேரம் போட வேண்டாம், மங்கிப்போகும், தாள் நொறுங்கும். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். பிறகு தரையிலிருந்து உயர்த்தி, சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டு வையுங்கள். இந்த வேலையை மகளையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். தாத்தாவைப் பற்றிப் பேச அவளுக்கும் ஒரு சந்தர்ப்பம்.

கணவரிடம் என்ன பேசுவது?

உங்கள் சம்பளத்தில் வாங்கியவை, உங்கள் அப்பாவிடமிருந்து வந்தவை உங்களுடையவை. உங்களைக் கேட்காமல் அவற்றை எடைக்குப் போடுவது சரியில்லை. அவர் கோபத்தில் சொன்னதாக இருந்தாலும், "என்னைக் கேட்காமல் ஒரு புத்தகத்தையும் எடுக்க மாட்டேன் என்று சொல்லுங்கள்" என்று நீங்கள் அமைதியாகக் கேட்கலாம், கேட்க வேண்டும். பலவந்தமாக அள்ளிப்போட்டால் பொருள் போவதோடு நம்பிக்கையும் போகும். அதற்குப் பின் வாங்குவது குறையாது, ஒளிப்பதுதான் கூடும்.

ஆனால் புத்தகம் உங்களுடையது என்றால் வீடு மூன்று பேருடையது. நடக்கும் வழி, மகளின் மேசை, கட்டிலின் ஓரம் இவற்றின் மேல் அவர்களுக்கும் அதே உரிமை இருக்கிறது. இதை நீங்கள் முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டால் பேச்சு சண்டையாக மாறாது.

அப்புறம் கார்டு. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். புத்தகத்தில் கை வைப்பதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும், புதிதாக வாங்குவதற்கும் பல கார்டுகளில் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். கணக்குத் தெரிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பில்லை அவராகக் கண்டுபிடிக்கும் நாளில் பேச்சு புத்தகத்தைப் பற்றி இருக்காது. "இன்னும் என்னென்ன மறைத்தாய்" என்றுதான் ஆரம்பிக்கும். நல்ல நேரம் பார்த்து, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை மாதத்தில் கட்டி முடிக்கப் போகிறேன் என்ற திட்டத்தோடு சொல்லுங்கள். அவர் கோபப்படலாம். அந்தக் கோபத்துக்கு இடம் கொடுங்கள். "அப்பா போனதிலிருந்து எனக்கு இப்படி ஆகிறது" என்பதையும் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இதை அவரிடம் நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று தெரிகிறது. அவர் பார்ப்பது புத்தகங்களை மட்டும்தான்.

பிரிப்பதும் வாங்குவதும்

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 450-ஐயும் பிரிக்க உட்காராதீர்கள். களைத்துப்போய் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிவிடுவீர்கள், இல்லாவிட்டால் எரிச்சலில் வேண்டியதையும் கொடுத்துவிட்டு அழுவீர்கள். ஒரு தடவைக்கு ஒரு அடுக்கு போதும். மகளின் மேசைக்கு அடியில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது "இதைக் கொடுத்துவிடலாமா" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் வரும். கையில் இருப்பதற்கு நாம் கூடுதல் மதிப்புப் போடுவோம், அது மனித இயல்பு. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: இது என்னிடம் இல்லை, இன்று கண்ணில் படுகிறது, வாங்குவேனா? இல்லை என்றால் கொடுக்கும் பெட்டிக்குப் போகட்டும். பெட்டி நிறைந்ததும் அந்த வாரமே வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். கொடுக்கும் இடத்தில் எந்த மாதிரிப் புத்தகம் எடுத்துக்கொள்வார்கள் என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பூஞ்சணம் பிடித்ததையும் காலாவதியான பாடநூலையும் நூலகத்தின் தலையில் கட்டக் கூடாது.

வைத்துக்கொள்பவற்றில் 20-ஐ மட்டும் எடுத்துக் கண்ணில் படும் ஒரு தட்டில் வையுங்கள். தினம் அரைமணி நேரத்தில் ஒரு வருடத்துக்குப் படிக்க முடிவது ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றவை உங்கள் சொந்த நூலகம். அதில் அகராதி, தேவைப்படும்போது புரட்டும் நூல், என்றைக்காவது மனசு கேட்கும் நாவல் எல்லாம் இருக்கலாம். அவற்றைப் படிக்காதவை என்று இனிமேல் எண்ணாதீர்கள். நூலகத்துக்குள் போகிற யாரும் அங்கே இருப்பதை எல்லாம் படித்தாக வேண்டும் என்று பதறுவதில்லை. முதலாவதாக எடுப்பது மெல்லிய, எழுத்துப் பெரிதான, ஆசைப்பட்டு வாங்கிய புத்தகமாக இருக்கட்டும். பயனுள்ளது என்று கடமைக்கு வாங்கியது பிறகு வரட்டும்.

வாங்குவதை முழுக்க நிறுத்தும் சபதம் இனி வேண்டாம். உங்களுக்கு அது என்ன செய்தது என்று பார்த்துவிட்டீர்கள். ஒரு புத்தகம் வாங்கியதும் "உடைந்ததுதான் உடைந்தது" என்று எட்டு புத்தகம் கூட வந்தன. அதற்குப் பதில் வாங்கும் வழியைக் கொஞ்சம் நீளமாக்குங்கள். போனில் சேமித்துவைத்த கார்டு விவரத்தை அழித்துவிடுங்கள். ஆசைப்படும் புத்தகத்தின் பெயரை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒரு மாதம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால், அந்தத் தட்டிலிருந்து ஒன்றையாவது படித்திருந்தால், பகல் வெளிச்சத்தில், வீட்டு முகவரிக்கே வாங்குங்கள். எழுதிவைத்ததில் பாதி ஒரு மாதத்தில் தானாக மறந்துபோகும். கார்டு பாக்கி தீரும்வரை நூலகத்தில் இரவல் வாங்கிப் படியுங்கள். திருப்பித் தர வேண்டிய தேதி இருப்பதால் படிக்கவும் செய்வீர்கள்.

மனசு நொந்த அந்த இரவுகளுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். கை போனுக்குப் போகும்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தால்தான் அந்த நேரத்தில் அது ஞாபகம் வரும். "இன்று இப்படி ஒருநாள்" என்று கணவரிடம் இரண்டு வரி சொல்வதாக இருக்கலாம், ஒரு தோழிக்கு அனுப்பும் செய்தியாக இருக்கலாம், அந்தத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஐந்து பக்கம் படிப்பதாகவும் இருக்கலாம். எது உங்களுக்கு ஒத்துவரும் என்று நீங்கள்தான் சொல்ல முடியும்.

இவ்வளவும் செய்து பார்த்து, இரண்டு மூன்று மாதம் கழித்தும் இரவில் வாங்குவது நிற்கவில்லை, புதிதாக ஒளிக்கத் தொடங்குகிறீர்கள், அல்லது கொடுக்கும் பெட்டியில் போட்ட புத்தகத்தை ராத்திரி எழுந்துபோய்த் திரும்ப எடுக்கிறீர்கள் என்றால், தயங்காமல் ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். சிந்தனையையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சை இதற்குப் பயன் தருகிறது. முதல் சந்திப்புக்குக் கணவரையும் அழைத்துப் போக முடிந்தால் நல்லது. இந்த வாரத்துக்கு, கண் டாக்டரும் அந்தப் பூஞ்சணம் பிடித்த புத்தகங்களும் போதும். அடுத்த வாரம் பில்லை எடுத்துக்கொண்டு அவரிடம் உட்காருங்கள்.